ஒரு காதா, இரண்டு காதா?

"ஒரு காதுல மாட்டுறதே போதும். ரெண்டையும் அடைச்சுக்கிட்டு உட்கார்ந்தா, எதிர்ல வந்து நிக்கிறவங்க சுவரோடயா பேசுவாங்க?" என்றார் முதலாளி.

மேசைமேல் மூன்று ஹெட்செட்டுகளைப் பிரித்து வைத்திருந்த விற்பனைக்காரர் தலையாட்டினார். இருபது வருடங்களாக அலுவலகம் அலுவலகமாகப் படியேறி இதையே விற்பவர்.

முதலாளியின் மகள் மட்டும் இரண்டு காதையும் மூடும் ஹெட்செட்டைக் கையில் எடுத்தாள். "எனக்கு இதுவே இருக்கட்டும்பா."

சரக்கு லாரிகளுக்குப் பதிவு செய்யும் அலுவலகம் அது. அங்கே போன் மேசையில் குடும்பத்து ஆள் தவிர வேறு யாரும் உட்காரக் கூடாது என்பது முதலாளியின் அப்பா காலத்துச் சட்டம். முதலாளி அந்த நாற்காலியில் முப்பது வருடம் முதுகு வளையாமல் உட்கார்ந்தவர். இரண்டு மாதமாக மகள் உட்கார்கிறாள்.

வேலையில் அவள் கெட்டி. எந்த லாரி எந்தச் சோதனைச் சாவடியில் நிற்கிறது என்று விரல் நுனியில் வைத்திருப்பாள். ஆனால் ரிசீவரைக் காதில் வைத்துவிட்டால் போதும், தலை குனிந்து எழுதிக்கொண்டே இருப்பாள். முன்னால் நிற்பவர் தொண்டை வறளக் கூப்பிட்டாலும் நிமிர மாட்டாள். போன வாரம் பழைய வாடிக்கையாளர் ஒருவர் நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, உங்கள் பெண்ணுக்குத் தலைக்கனம் அதிகம் என்று முதலாளியின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனார். மரியாதை தெரியாத வீடு என்று இதுவரை ஒருவர்கூடச் சொன்னதில்லை. அன்றைக்கே முதலாளி முடிவு செய்துவிட்டார். ஒரு காதில் போன், இன்னொரு காதில் வாடிக்கையாளர். அப்படியும் சரிப்படவில்லை என்றால் ஒன்றாம் தேதியிலிருந்து அந்த நாற்காலியில் தன் அண்ணன் மகன்.

மகளுக்கும் அது தெரியும். கையில் இருந்ததை மெல்லக் கீழே வைத்தாள்.

வலது கையால் எழுதுபவர்களுக்கு இடது காதுதான் வசதி, ஒயர் குறுக்கே வராது என்று சொல்லி, விற்பனைக்காரர் ஒரு காது ஹெட்செட்டை அவளுடைய இடது காதில் மாட்டினார். வெளியே படிக்கட்டுக்குப் போய்த் தன் செல்போனிலிருந்து கூப்பிட்டார். அவள் பொத்தானை அழுத்தினாள். சற்று நேரம் காத்திருந்தாள்.

"லைன் வரலப்பா."

அவர் திரும்பி வந்து, வேறு கம்பெனியின் ஒரு காது ஹெட்செட்டை மாட்டிவிட்டுப் போனார். அதிலும் ஒன்றும் வரவில்லை என்றாள்.

"எல்லாத்தையும் ஊமையாப் பார்த்துப் பொறுக்கிட்டு வந்திருக்காரா?" என்றபடி முதலாளி அதை வாங்கித் தானே மாட்டிக்கொண்டார். படிக்கட்டில் நிற்பவருக்கு மூச்சு வாங்குவதுகூடத் தெளிவாகக் கேட்டது. ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு மகளை முறைத்தார். கேட்டது கிடைக்கவில்லை என்றதும் இப்படி ஒரு நாடகமா, வெளியாள் முன்னால் இந்தப் பிடிவாதம் எங்கே கற்றுக்கொண்டது என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

உள்ளே வந்த விற்பனைக்காரர் இருவர் முகத்தையும் பார்த்தார். மைக்கைத் திருப்பி, ஹெட்செட்டை அவளுடைய வலது காதில் மாட்டினார். பிறகு அவளுக்கு இடப்பக்கம், சற்றுப் பின்னால் போய் நின்றார்.

"இந்தப் பக்கம் எத்தனை வருஷமா கேக்கலம்மா?"

முதலாளிக்குத் தெளிவாகக் கேட்டது. மகள் திரும்பவே இல்லை. அடுத்த மணி எப்போது அடிக்கும் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். விற்பனைக்காரர் முன்னால் வந்து, அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். அவள் அப்பாவைப் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து என்றாள். அம்மாதான் ரகசியமாக டாக்டரிடம் கூட்டிப் போனாள் என்றும், பலமான அடி விழுந்து ஜவ்வு கிழிந்து நரம்பும் கெட்டுவிட்டது, இனி வராது என்று டாக்டர் சொன்னார் என்றும், அப்பாவுக்குத் தெரியவே கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாள் என்றும் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"அடியா?" முதலாளியின் குரல் உடைந்தது. "என் பொண்ணு மேலயா?"

அவர் குடும்பத்துப் பிள்ளையின்மீது யாரும் ஒரு துரும்பைக்கூட எறிந்ததில்லை. வாங்கிய அடியை இத்தனை வருடம் வெளியே சொல்லாமல், தலைக்கனம் பிடித்தவள் என்ற பெயரையும் சுமந்திருக்கிறாள்.

"எவன் அவன்? உன் பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியாரா? சொல்லும்மா. சாகக் கிடந்தாலும் சரி, இழுத்துட்டு வந்து உன் கால்ல விழ வைக்கல, நான் எங்கப்பாவுக்குப் பொறந்தவன் இல்ல."

பள்ளிக்கூடத்துக்குப் பேச ரிசீவரை எடுத்தார். மகள் கையை நீட்டி, போனின் பொத்தானை மெதுவாக அழுத்தி லைனைத் துண்டித்தாள்.

"பள்ளிக்கூடத்துல யாரும் என்னைத் தொட்டதுகூட இல்லப்பா. கூடப் படிச்ச பையன் ஒருத்தன் பாட நோட்டு கேட்டு நம்ம வீட்டுக்குப் போன் பண்ணினான். 'குடும்ப மானம் என்னடி ஆகுறது'ன்னு கேட்டுக்கிட்டே கையை ஓங்கினீங்க. இந்தக் காதுல கடைசியா விழுந்தது அதுதாம்பா."