திரும்பும் இருக்கை

தைவான் ரயிலில் இருக்கைகள் திரும்பும். அடியிலுள்ள பெடலை மிதித்துத் தள்ளினால், இருவர் அமரும் இருக்கை அப்படியே அரைவட்டம் சுழன்று பின்வரிசையைப் பார்த்து நிற்கும். ஹுவாலியன் நிலையம் வருவதற்கு முன்பே பூவரசன், காலியாயிருந்த முன்வரிசையைத் தன் பக்கம் திருப்பிவைத்துவிட்டான். கல்லூரித் தோழன் இருதயராஜ் அங்கேதான் ஏறுவான். பூவரசனின் மனைவி நிம்மி இறந்தபோது அவனிடமிருந்து மட்டும் ஒரு வார்த்தையும் வரவில்லை. ஏன் என்று முகத்தைப் பார்த்துக் கேட்கத்தான் பூவரசன் இவ்வளவு தூரம் வந்திருந்தான்.

“மாப்ள! மண்டை என்னடா ஏர்போர்ட் மாதிரி ஆயிடுச்சு?” என்றபடி இருதயராஜ் எதிரே உட்கார்ந்து, பையைப் பக்கத்தில் வைத்தான்.

“உனக்குத் தொப்பை வந்த மாதிரிதான்டா.”

சிரித்தார்கள். சிரிப்பு தீர்ந்ததும் முழங்கால்கள் இடித்தன. கண்களை வைக்க இடமில்லை.

“திரும்பி உக்காந்தா எனக்குத் தலை சுத்தும்டா,” என்று இருதயராஜ் எழுந்து பெடலை மிதித்தான். இருக்கை பையோடு சுழன்று முன்பக்கம் பார்த்தது.

இப்போது இரண்டு சாய்மானங்களுக்கு நடுவே, விரலளவு இடைவெளியில், நண்பனின் ஒரு காது மட்டும் தெரிந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்த பூவரசன், குனிந்து அந்த இடைவெளியில் வாயை வைத்தான்.

“நிம்மி போனப்ப ஏன்டா ஒரு போன்கூடப் பண்ணல?”

வெளியே நெல்வயல்கள் ஓடின. பிறகு ஒரு கை வந்து, பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. அது அழைப்புதானா என்று தெரியாமல், பூவரசன் பாதி எழுந்தபடி நின்றான்.