இரண்டு நிமிடத்துக்கு ஒரு நாற்காலி

ஸுமைரா மணியை அடித்ததும் ஆறு பெண்கள் ஒரே நேரத்தில் எழுந்து அடுத்த நாற்காலிக்கு ஓடினார்கள்.

தேயிலைக் கொழுந்து மூட்டையோடு மலை ஏறி இறங்குகிற கால்கள். ஓரடி தூரத்துக்கு அப்படியோர் ஓட்டம். ஒருத்தியின் செருப்பு பின்தங்கிவிட, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

இதற்காகத்தான் ஸுமைரா கஹவத்தை டவுனிலிருந்து பஸ்ஸில் வரும்போதே நோட்டுக் கொப்பியில் கட்டம் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஜன்னல் பக்கம் ஆறு நாற்காலி. அதில் உட்கார்ந்தவர்கள் அசையக் கூடாது. எதிரே கதவுப் பக்கம் ஆறு. இரண்டு நிமிடத்துக்கு ஒரு மணி. கதவுப் பக்கத்தார் ஓர் இடம் தள்ளி உட்கார்ந்து, புது ஆளிடம் கரும்பலகையில் இருக்கும் கேள்விகளைக் கேட்க வேண்டும்.

தோட்டத்துப் பழைய பங்களா ஹோட்டலாகப் போகிறது. திங்கட்கிழமை இன்டர்வியூ. நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசினால் வேலை.

போன இரண்டு சனிக்கிழமையும் ஒவ்வொருத்தியும் பக்கத்து வீட்டுக்காரியோடு மட்டும் உட்கார்ந்து, தமிழிலேயே குசுகுசுத்துப் பொழுதைக் கடத்தினார்கள்.

இன்றைக்கு இங்கிலீஷில் காது கிழிந்தது. ஸுமைராவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

மூன்றாவது மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், கதவுப் பக்கத்திலிருந்து வெள்ளையம்மா எழுந்து வந்தாள்.

“டீச்சர், நான் ஒரு நாற்காலி தாண்டிப் போய் உக்காந்துக்கிறேங்க.”

“தாண்டக் கூடாது. எல்லாரோடயும் பேசணும்,” என்று சிரித்துக்கொண்டே மணியை அடித்தாள் ஸுமைரா.

வெள்ளையம்மா போய் விஜயகலாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கரும்பலகையையே பார்த்தார்கள்.

பக்கத்து நாற்காலிகளில் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.

கூச்சம் என்று நினைத்த ஸுமைரா அருகே போய், “கேளுங்க, கேளுங்க,” என்றாள்.

வெள்ளையம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பலகையின் மூன்றாவது வரியைப் படித்தாள்.

“டூ யூ ஹேவ் பிரதர்ஸ், சிஸ்டர்ஸ்?”

விஜயகலா பலகையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள். பிறகு, “வன் சிஸ்டர்,” என்றாள்.

“வட் இஸ் ஹேர் நேம்?”

ஸுமைரா துள்ளிவிட்டாள். இந்தக் கேள்வி பலகையில் இல்லை! மூன்று வாரத்தில் முதல்தடவையாக ஒருத்தி சொந்தமாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள்.

“ஹேர் நேம் இஸ் வெள்ளையம்மா.”

அடடா, இத்தனை நன்றாக வந்து கடைசியில் தடுக்கிவிட்டதே. “இல்லங்க,” என்று மெதுவாகத் திருத்தினாள் ஸுமைரா. “ஹேர் நேம்னா எதிர்ல இருக்கிறவங்க பேர் இல்ல. உங்க சிஸ்டரோட பேர்.”

விஜயகலா அவள் பக்கம் திரும்பவே இல்லை. எதிரே இருந்தவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரியாத்தாங்க டீச்சர் சொன்னேன்.”

வெள்ளையம்மாவின் உதடு கோணியது.

இரண்டு நிமிடம் எப்போதோ கடந்திருந்தது. ஸுமைராவின் கை மணியை நோக்கிப் போனபோது, பக்கத்து நாற்காலிக்காரி எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இப்ப அடிச்சிராதீங்க டீச்சர். ஏழு வருசத்துக்குப் பொறகு இன்னைக்குத்தான் அக்காளும் தங்கச்சியும் பேசுறாளுக.”