மஸ்கட் லைனில் கோளாறு

2046 ஜூன் மாதம், தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியின் தொலைபேசிகளில், இணைப்பு அறுந்தால் விட்டுப்போன பேச்சை எதிராளியின் குரலிலேயே நிரப்பும் வசதி வந்தது.

அடுத்த மாதம் கணக்குப் பிரிவு மெர்லின் புகார் கொடுத்தாள். மஸ்கட்டில் இருக்கும் கணவனோடு மதியம் அலுவலக லைனில்தான் பேசுவாள்.

“என்ன கோளாறுக்கா?” என்றான் சரிபார்க்க வந்த இசக்கிராஜா.

“எங்க வீட்டுக்காரரு சாப்ட்டியான்னு கேக்காரு. என் ஆப்பரேசனுக்கு லீவு போட்டு வாரேன்னு சொல்லுதாரு.”

“நல்ல மனுசன்லா! இதுக்கா புகாரு?”

“கல்யாணமாகி இத்தன வருசத்துல ஒருநாளும் கேட்டதில்ல தம்பி. வேற யாரு லைனோ கலக்குது. பாரு.”

அவன் சிரித்துக்கொண்டே அழைப்புப் பதிவுகளைத் திறந்தான். பிறகு சிரிக்கவில்லை.

“அக்கா, அண்ணன் வேலையிருக்குன்னு சீக்கிரமே போன வெச்சிருதாங்க. வெச்ச சிக்னல் இங்க வந்து சேரல. லைன் அறுந்துட்டுன்னு நெனச்சு மெஷினே மிச்சத்தப் பேசுது.”

“தினமுமா?”

“தினமும்தான்.”

மெர்லின் பதிவுகளை எட்டிப் பார்த்தாள்.

“அப்ப ஆப்பரேசன் விசயத்த நான் யாருட்ட சொன்னேன்?”

இசக்கிராஜா சிக்னலைச் சரிசெய்துவிட்டுப் போனான்.

மறுநாள் மதியம், கணவன் எடுத்தவுடனே அவள் ஆப்பரேஷன் விஷயத்தைச் சொன்னாள். “பாப்போம்” என்றான் அவன். அழைப்பு அத்துடன் முடிந்தது.