ஒரேயொரு பாவனையாளர்

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த மிஹ்லார் தொப்பியைக்கூடக் கழற்றாமல் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தான்.

இன்றோடு கெடு முடிகிறது. இனி அழிக்க வேண்டியதுதான்.

அழிக்கப் போவது ஒரு கேர்னலை. இயங்குதளத்தின் நடு உறுப்பு அது. அது இல்லாவிட்டால் கணினி வெறும் தகரப்பெட்டி. யாரும் சும்மா எடுத்துப் பாவிக்கக்கூடிய ஓர் இயங்குதளத்துக்கு, அந்தக் கேர்னலை நிரலிலிருந்து கட்டிப் பொதிசெய்து அனுப்புகிற தொண்டு வேலை மிஹ்லாருடையது. காலையில் பள்ளிக்கூட வாத்தியார். மற்ற நேரமெல்லாம் உலகத்தின் வேலைக்காரன்.

ஐந்து வகைக் கேர்னல். ஒன்றைக் கட்டப் பதினொரு மணித்தியாலம். கட்டுவதற்கு இருப்பதோ சாய்ந்தமருதில் இந்த ஒரேயொரு கணினி. இடையில் கரண்ட் போனால் பிஸ்மி சொல்லி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஐந்தையும் தூக்கிச் சுமக்க முடியாது என்று கண்டதும், மிகப் பழைய கணினிகளுக்கான ஐந்தாவதைக் கைவிட முடிவெடுத்தான். அந்தக் கணினிகளைத் திறந்தால் திரையில் வந்து நிற்கிற மாதிரி ஓர் அறிவித்தலும் போட்டான்: "இதை இன்னும் யாராவது பாவிக்கிறீர்களா? மூன்று கிழமைக்குள் எழுதுங்கள்."

ஒரு குருவியும் எழுதவில்லை. அந்தக் கணினிகளெல்லாம் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி நதீரா வந்தாள்.

"இஞ்ச, எங்கட உம்மாட கொம்பியூட்டர ஒருக்காப் பாருங்களன். என்னமோ எழுத்து வந்து நிக்கிதாம். நாலாவது தரம் சொல்றன்."

"ஓம், பாப்பம்," என்றான் திரும்பாமலே.

அவனுடைய "பாப்பம்" அந்த வீட்டில் பிரசித்தம். குளியலறைக் குழாய் ஒழுகத் தொடங்கி நோன்புப் பெருநாளும் போய், ஹஜ்ஜுப் பெருநாளும் வந்துவிட்டது. ஆனால் பிரேசிலில் முகம் தெரியாத ஒருவருக்குக் கணினியில் சத்தம் வரவில்லை என்றால், சோற்றுக் கையோடு ஓடிவந்து பதில் எழுதுவான்.

அழிக்கும் கட்டளையைத் தட்டினான். நிச்சயம்தானா என்று கணினி கேட்டது.

அந்த நேரம் பார்த்து, பாவனையாளர்களின் மின்னஞ்சல் குழுவில் ஒரு கடிதம் வந்து விழுந்தது. பிழையில்லாத ஆங்கிலம்.

"ஐயா,

நான் பாவிக்கிறேன். ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் பதினாறு நாட்கள் இருக்கின்றன. முப்பத்தொரு பிள்ளைகளுக்கான வினாத்தாள்கள் முழுவதும் இந்தக் கணினியில்தான். இதை நிறுத்தினால் என் பிள்ளைகள் எதைச் செய்து பழகுவார்கள்?

இதைப் போட்டுத் தந்தவர் இதே வீட்டில்தான் இருக்கிறார். மாமி மருமகனோடு நேரே கதைப்பது எங்கள் குடும்ப வழக்கமில்லை. மகள் மூலம் நான்கு தடவை சொல்லியனுப்பினேன். பார்க்கலாம் என்கிறார். வெளியாருக்கு உடனே பதில் எழுதுவார் என்று அறிந்தேன். ஆகவே வெளியே வந்து எழுதுகிறேன்.

சித்தி லைலா, சாய்ந்தமருது."

மிஹ்லாருக்குக் காது இரண்டும் சுட்டது.

கல்யாணம் முடித்து மாமி வீட்டுக்குக் குடிவந்து ஏழு வருடம். மாமி அவனிடம் நேரே சொன்ன முதல் வார்த்தை "ஐயா". அதையும் குழுவிலுள்ள முந்நூறு பேர் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள்.

அறை வாசலில் திரைச்சீலை தொங்கியது. அதற்கு அந்தப்பக்கம்தான் மாமி. நதீரா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள்.

வேண்டாம் என்று கணினிக்குச் சொன்னான். பிறகு குழுவுக்கு எழுதினான்: "ஐந்தாவது கேர்னல் தொடரும். முதலில் அதையே கட்டுகிறேன். மற்றவை பிந்தும், மன்னிக்கவும்."

உடனே ஜேர்மனியிலிருந்து ஒரு கேள்வி. அவனைப் போலத் தொண்டு செய்கிற இன்னொருவர்.

"ஒரேயொருவருக்காகவா பதினொரு மணித்தியாலம்?"

மிஹ்லார் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான். பதிலை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் அழித்தான். மூன்றாவதை அனுப்பினான்.

"ஆம். நமது கேர்னல்கள் எல்லாம் ஏழு வருடமாக அவருடைய வீட்டு மின்சாரத்தில்தான் கட்டப்படுகின்றன. ஒரு நாளும் அவர் சுவிட்சை நிறுத்தியதில்லை."