முதலில் விழுந்தது

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் சுகாதார அதிகாரியைப் பார்த்ததும், குதிரைச் சவாரிப் பள்ளி நடத்துபவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே மூளைக்காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள் அவருடைய ஒரே மகள்.

“இப்ப வந்து எங்க கொசு கடிச்சுதுன்னு கேக்கறீங்க. முன்னாடியே மருந்து அடிச்சிருந்தா என் பொண்ணு இப்படிக் கிடப்பாளா?”

அதிகாரி அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. “உங்க வேதனை புரியுது சார். இந்த வைரஸ் பறவைங்க உடம்புல இருக்கு. அதுங்களைக் கடிக்கற கொசுதான் குதிரையையும் கடிக்குது, நம்மளையும் கடிக்குது. எங்கயாவது காக்காங்க கொத்துக் கொத்தா செத்தாலோ, குதிரை தள்ளாடி விழுந்தாலோ, எங்களுக்குத் தகவல் வரும். உடனே போய் மருந்து அடிச்சிடுவோம். உங்க பக்கத்துலேருந்து யாரும் எதுவும் சொல்லலையே.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “குதிரைக்கு வந்தா... பள்ளியை மூடிடுவீங்கதானே?”

“எதுக்கு மூடணும்? குதிரைகிட்டேருந்து யாருக்கும் தொத்தாதே.”

அவர் மகள் கிடந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி எழுந்து வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“சொல்லுங்க,” என்றாள் கணவரிடம். “போன மாசம் நம்ம வெள்ளைக் குதிரை தள்ளாடி விழுந்து செத்ததை வெளில மூச்சுவிடக் கூடாதுன்னு என் வாயை அடைச்சீங்களே. இவங்களைக் கூட்டிட்டுப் போய் அதைப் புதைச்ச இடத்தைக் காட்டுங்க. நம்மகிட்ட சவாரி பழக வர்ற பிள்ளைங்களாவது தப்பிக்கட்டும்.”