ப்ராக் நகரில் பார்க்க வேண்டியவை

முட்டிவலி தாங்காத கோமளாவை ப்ராக் நகரச் சதுக்கத்துப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, அவள் கணவர் நாகசுந்தரம் டூர் கும்பலோடு கோட்டை பார்க்கப் போனார். பட்டுப்புடவை, மங்கி குல்லா, வெள்ளை ஷூ சகிதம் அவள் சிலைபோல அசையாமல் உட்கார்ந்திருந்தாள். குடை பிடித்த கைடு ஒருவர் அவள்முன் நின்று ஏதோ விளக்க, இத்தாலியக் கும்பலொன்று அவளைப் பயபக்தியோடு படமெடுத்துக்கொண்டது. அது நகர்ந்ததும் இன்னொரு கும்பல். கல்யாண மேடைக்குப் பிறகு அவளை யாரும் இவ்வளவு நேரம் நின்று பார்த்ததில்லை.

நாகசுந்தரம் மூச்சிரைக்க ஓடிவந்தார். “எழுந்திருடி! பஸ் கிளம்பப்போகுது. விட்டுட்டுப் போயிட்டான்னா நடுத்தெருதான்!”

“கத்தாதீங்க” என்றாள், உதட்டை அசைக்காமல். “ஜப்பான்காரங்க இப்பத்தான் வந்திருக்காங்க. மறைக்காம தள்ளி நில்லுங்க.”

பஸ் இரண்டாவது முறை ஹாரன் அடித்தது. கோமளா மோவாயை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டாள்.