திருடன் எரிவாயு

எருமை திருமேனியும் கடல் கடந்து வந்த குதிரை டன்கனும் கூட்டாகச் சாண எரிவாயு நிறுவனம் தொடங்கின. இருவர் பெயரிலும் முன்பாதியை எடுத்துச் சேர்த்து, 'திருடன் எரிவாயு' என்று பலகை மாட்டின. தன் பெயர் முன்னால் நிற்பதில் எருமைக்குப் பெருமை பிடிபடவில்லை.

முதல் நாளே டன்கன் முயல் வீட்டுக் கதவைத் தட்டி, "திருடன் வந்திருக்கிறேன்" என்றது. முயல் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. காடு முழுக்க அதே கதைதான். குழாய் பதிக்க ஒருவரும் இடம் கொடுக்கவில்லை. சாணத் தொட்டி நிரம்பி வழிந்தது.

காரணத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டு டன்கன் திரும்பி வந்தது.

"பெயரை மாற்றிப் போட்டுவிடுவோம், திருமேனி. 'டன்திரு' என்றால் யாரும் பயப்பட மாட்டார்கள்."

எருமை வெகுநேரம் அசைபோட்டது.

"உன் பெயர் முன்னாலா? வேண்டாம் டன்கன். திருடனே இருக்கட்டும். போகப்போக எல்லாருக்கும் பழகிவிடும்."